இரண்டாம் குரல்

நுழையும்முன்

ஒருவர் பாட மற்றவர் கேட்பதற்குப் பழகிய செவிகள் நம்முடையவை. பலர் கூடி, ஒரே பாடலை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரவழிகளில் பாடும் சேர்ந்திசை தமிழுக்கு வந்த வழியையும், கரிசல் மண்ணின் பள்ளியொன்றில் அது பயிலப்பட்ட விதத்தையும் பேசுகிறது இக்கட்டுரை.

நாளைக் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது, பாடுவதோடு சிறிது கேட்கவும் செய்யுங்கள். ஆறாம் வகுப்புச் சிறுவரும் எல்லா வகுப்புப் பெண்பிள்ளைகளும் ஒரு நிலையில் பாடுவர். குரல் உடைந்த மேல்வகுப்பு மாணவர் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடுவர். இப்படிப் பிரிந்து பாடுமாறு எந்த ஆசிரியரும் சொல்லித் தருவதில்லை; தொண்டையே பிரித்துக்கொள்கிறது. இவ்விரு கூட்டத்துக்கும் நடுவே சிலர் இருப்பர். மேலே போனால் குரல் எட்டாது. கீழே இறங்கினால் ஆண்குரல் என்று பக்கத்தில் நிற்பவர் நகைப்பர். ஆகவே உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பர். 55 நொடிகளில் பாடவேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் அரசாணை வரையறுத்த அப்பாடலில், அந்த 55 நொடியும் ஒலியெழுப்பாமல் நிற்கும் மாணவியரை என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் பார்த்து வந்திருக்கிறேன். அவர்களுக்கென்று பாட்டில் ஓர் இடம் உண்டா என்பதே என் கேள்வியாக இருந்தது.

கூடிப் பாடுதல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நீங்கள் அறிவீர்கள். தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மாதரி, கண்ணகி காணுமாறு குரவைக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள். சுரத்துக்கு ஒரு பெண். பெண்ணுக்கு ஒரு சுரம்! அவர்கள் எடுத்த பண்ணாகிய முல்லைத் தீம்பாணியை இன்றைய மோகன இராகத்தோடு பொருத்திக் காட்டுவர் இசையறிஞர். நாம் நாள்தோறும் காலையில் பாடும் வாழ்த்தும் மோகனத்தில்தான் அமைந்திருக்கிறது.

எங்கள் கரிசல் காட்டிலும் பெண்கள் தனித்துப் பாடுவது குறைவு. தாலாட்டும் ஒப்பாரியும் தவிர மற்றவை பெரும்பாலும் கூட்டுப் பாட்டுகளே. கும்மியில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். பருத்தி எடுக்கும் நிரையிலும் களையெடுக்கும் நிரையிலும் அப்படியே. முளைப்பாரித் திருவிழாவில் எழும் குலவையோ சொல்லில்லாத வெறும் ஒலி. அதற்கு ஊரே சிலிர்க்கும். ஆயினும் இவை எல்லாவற்றிலும் கூட்டம் பெரிதே ஒழிய, மெட்டு ஒன்றுதான். எல்லாரும் ஒரே தடத்தில் நடக்கிறார்கள். அத்தடத்தின் உயரம் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களே உரக்கப் பாடுகிறார்கள்.

இனி, வேறொரு முறையை எண்ணிப் பாருங்கள். மேற்குரலார் பஞ்சமத்தில் நிற்கும்போது கீழ்க்குரலார் காந்தாரத்தில் நிற்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல; ஆனாலும் உறுத்துவதில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 2:3. சட்ஜமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் 4:5. விகிதத்தின் எண்கள் எவ்வளவு சிறியனவோ, அவ்வளவு எளிதாக இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. சட்ஜமத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் உள்ள விகிதம் 32:45. அவ்விரண்டையும் ஒருங்கே ஒலித்தால் பல் கூசும். நம் பழந்தமிழர் நரம்புகளுக்கு இடையேயான உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக வகுத்தனர். சுரங்களுக்கும் சுற்றமும் பகையும் உண்டு என்று கண்ட அந்தச் செவியை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

இந்த இசைமுறை நம் பக்கத்துக்கு வந்த கதையில் எட்டயபுரத்துக்கு ஒரு பங்குண்டு. எட்டயபுரம் என்றதும் பாரதி பிறந்த இல்லமும், கல்கியின் முயற்சியால் எழுந்து 1947இல் இராஜாஜியால் திறக்கப்பட்ட மணிமண்டபமும் நினைவுக்கு வருவது இயல்பு. அதே ஊரில் முத்துசாமி தீட்சிதரின் நினைவிடமும் இருக்கிறது. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவர் அங்கே மறைந்தார். வறண்டு கிடந்த இப்பகுதியில் அவர் அமிர்தவர்ஷினி இராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது எங்கள் ஊர்களில் வழங்கும் செவிவழிக் கதை. மழையைப் பற்றிய எந்தக் கதையையும் கரிசல்காரர் எளிதில் விட்டுவிட மாட்டார்கள்.

தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளைக் கேட்டார். அவற்றில் பலவற்றுக்கு வடமொழியில் பாடல் எழுதினார். பிரிட்டிஷ் அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ நாற்பது எண்ணிக்கையிலான இச்சிறு பாடல்களை நோட்டுசுரங்கள் என்பர். சங்கராபரணத்தின் சுரங்களில், கமகத்தின் அசைவு அதிகமின்றி, நேராக நடப்பவை அவை. பத்து வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வர். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அக்கருவியை நம் இசைக்குப் பழக்கி, எட்டயபுரம் அரசவையின் இசைவாணராக விளங்கினார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசை அரங்கை நம்மால் எண்ண முடிகிறதா?

ஆக, மெட்டு வந்தது, கருவியும் வந்தது. ஆனால் அந்த வாத்தியக் குழுவில் குழலும் கொம்பும் வெவ்வேறு சுரங்களை ஒருங்கே எழுப்பியிருக்குமே, அந்தப் பல்வழி மட்டும் வரவில்லை. மேலே ஓடிய ஒரு மெட்டை மட்டும் தீட்சிதர் எடுத்துக்கொண்டார். இதனைக் குறையென்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மெட்டை அசைத்தும் நெளித்தும் இழைத்தும் ஓர் உலகத்தையே எழுப்பும் இசையில் திளைத்தவருக்கு இரண்டாவது வழி தேவைப்படவில்லை. கமகத்தில் சுரம் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் சுரத்தின்மேல் இன்னொரு சுரத்தை நிறுத்தினால் இரண்டும் கலங்கும். இராக இசையில் பல்வழியைப் புகுத்தாதீர்கள் என்று சங்கீத வித்துவான்கள் கடிந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பாடலையும் சேர்ந்திசையாக்க முனைபவர்கள் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்தே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். தொடக்க மாணவர்களுக்காக அவர் எழுதிய நூலில் நோட்டுசுரங்களும் இடம்பெற்றன. பெருநூல் உருவான ஆண்டுகளில் இளைஞர் பாரதியும் அதே அரசவையில் பணியாற்றினார். 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி அவருக்கு இரங்கற்பா பாடினார். தம் பாடல்களுக்கு இராகமும் தாளமும் குறித்துவைக்கும் பாரதியின் வழக்கத்துக்கு அந்தச் சூழலின் காற்றும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பாரதியின் பாடல்கள் பல்வழியில் ஒலிக்க இன்னும் அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் திருநெல்வேலிச் சீமையின் தேவாலயங்களில் அம்முறை வேர்விட்டிருந்தது உண்மை. அங்கே கீர்த்தனைகளை எல்லாரும் ஒரே மெட்டில் பாடுவர். பாமாலைப் பாடல்களைக் குரல் பிரித்துப் பாடுவர். ஞாயிறு காலையில் பாளையங்கோட்டைத் தெருக்களில் நடப்பவர் இரண்டையும் கேட்கலாம். ஆனால் தமிழ்க் கவிதையைச் சேர்ந்திசைக்குரியதாக்கிப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் என்று எம். பி. சீனிவாசனையே முதன்மையாகச் சொல்ல வேண்டும்.

1925இல் சித்தூரில் பிறந்த சீனிவாசன், மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டவர். ஜெயகாந்தன் பாட்டெழுதிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். யேசுதாசைத் திரைப்படத்தில் முதன்முதலில் பாடவைத்தவரும் அவரே. மலையாளத் திரையுலகில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. இருந்தும், இசை பயிலாத சாதாரண மனிதரைக் கூட்டிச் சேர்த்துப் பாடவைப்பதையே தம் பெரும்பணியாகக் கொண்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதி, பாரதிதாசன் பாடல்களை ஊர் ஊராகப் பாடியது. 1988 மார்ச்சு 9ஆம் நாள், சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த இலட்சத்தீவில் அவர் மறைந்தார். என் சிறுவயதில் வானொலியில் ஒலித்த சேர்ந்திசையை எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவதுபோல் இருக்கும். எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் செவி தடுமாறும். அத்தடுமாற்றமே ஒரு சுகமாக இருந்தது.

பாரதி பிறந்தது 1882 திசம்பர் 11. அதற்கு ஐந்து நாள் கழித்து, அதே ஆண்டு திசம்பர் 16இல், அங்கேரி நாட்டின் கெச்கெமேட் நகரில் சோல்தான் கோதாய் பிறந்தார். அவரும் நண்பர் பேலா பார்டோக்கும் சிற்றூர்களுக்குச் சென்று உழவர் பாடிய பாட்டுகளை ஒலிப்பதிவுக் கருவியில் சேகரித்தனர். அப்பாட்டுகளின் வழியாகவே பள்ளிப்பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்றார் கோதாய். 1925 முதல் சிறார் குரல்களுக்காகவே சேர்ந்திசைப் பாடல்களைப் புனைந்தார். பெரியவர்களின் பாட்டைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறு. பிள்ளைகளின் குரலுக்கென்றே தரமான இசையை எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர் அவர். 1950இல் அவர் பிறந்த ஊரிலேயே, நாள்தோறும் பாட்டுக்கு ஒரு பாடவேளை உடைய தொடக்கப்பள்ளி தோன்றியது. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் 1942இல் அமெரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பும் கப்பலில் எழுதத் தொடங்கிய ஒரு படைப்பு, மூன்றாகப் பிரிந்து பாடும் சிறார் குரல்களுக்கும் ஹார்ப் என்னும் நரம்புக்கருவி ஒன்றுக்கும் மட்டுமே ஆனது. நம் வில்யாழுக்கு உறவான அந்தக் கருவி, இளங்குரல்களை மூடாமல் அவற்றின் அடியில் நீர்போல ஓடும். சிறார் சேர்ந்திசைக்குப் பக்கவாத்தியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் பள்ளி விழாக்களில் பிள்ளைகள் நால்வர் பாட, அவர்களை மூழ்கடிக்கும் விசைப்பலகைக் கருவியின் முழக்கத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இவையெல்லாம் மனத்தில் கிடந்து ஊற, சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பெண்கள் பள்ளியில் ஒரு சேர்ந்திசைக் குழு அமைத்தோம். எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள். மொத்தம் இருபத்திரண்டு பேர். மதிய உணவு முடிந்தபின் கிடைக்கும் இருபது நிமிடம், வேப்பமர நிழல், பள்ளியின் பழைய ஆர்மோனியம். வயலின் வாசிக்கக் கோவில்பட்டியிலிருந்து இசையாசிரியர் ஒருவர் வாரம் இருமுறை வந்தார். மதிப்பெண் தராத வேலைக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்ட சக ஆசிரியர் ஒருவர், பின்னர் மரத்தடியை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சிக்கல் சுருதியில் வந்தது. ஐந்து கட்டையில் தொடங்கலாம் என்றார் இசையாசிரியர். 'கட்டை' என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்பகுதியில் கட்டை அடுக்குதல் என்றால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. அவர்களில் பலருடைய தாய்மார் அன்றாடம் செய்வது அது. 'எங்கம்மா நாளைக்கு எத்தனை கட்ட அடுக்கும் தெரியுமா சார்' என்று ஒருத்தி கேட்க, அன்றைய பயிற்சி சிரிப்பிலேயே போயிற்று. ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெண்கட்டையைச் சட்ஜமமாகக் கொள்வதே ஐந்து கட்டை என்று மறுநாள் விளக்கினார். அந்த உயரம் பதினைந்து பேருக்குப் பொருந்தியது. ஏழு பேருக்குப் பொருந்தவில்லை.

அந்த எழுவரில் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு. மிளகாய்க் காட்டுக்கு நடுவே இருக்கும் ஊரிலிருந்து வருபவள். பாட்டுக்குத் தேர்வு நடந்த நாளில் அவள் வரவில்லை. தோழி கையைப் பிடித்து இழுத்து வந்தாள். 'எனக்குப் பாட வராது டீச்சர்' என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். நாலாம் வகுப்பில், இலக்கிய மன்ற விழாவுக்குப் பயிற்சி நடந்தபோது, 'நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது' என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் காலை வணக்கத்தில் அவள் வாயை மட்டும் அசைத்து வந்திருக்கிறாள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று நான் கேட்கவில்லை. விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற அவசரத்தில் சொல்லப்படும் ஒரு சொல் ஏழு ஆண்டுக்கு நிற்கும் என்பதை நாங்கள், ஆசிரியர்கள், நினைத்துப் பார்ப்பதில்லை.

அவளைப் பாடச் சொன்னபோது மேலே எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் இசையாசிரியர் ஆர்மோனியத்தில் கீழிறங்கிக் கொண்டே போனார். அவளும் இறங்கிக்கொண்டே போனாள். மற்றப் பிள்ளைகளின் குரல் காற்றாக நீர்த்துப்போகும் இடத்தில் அவளுடைய குரல் முழுமையாக, வைக்கோல் நிறத்தில் ஒலித்தது. ஒரே மெட்டில் எல்லாரும் பாடும் கூட்டத்தில் அக்குரலுக்கு இடமே இல்லை. இரண்டு வழியாகப் பிரிந்தால், அது இல்லாமல் கூட்டமே இல்லை.

பயிற்சிக்கு நோட்டுசுரங்களையே எடுத்துக்கொண்டோம். பல்வழியில் வாழ்ந்து பழகிய மெட்டுகள் அல்லவா? அவற்றின் அடியில் இரண்டாவது வழியொன்றைப் பொருத்துவது எளிதாயிருந்தது. மேலே பஞ்சமம், கீழே காந்தாரம். மேலே காந்தாரம், கீழே சட்ஜமம். எட்டயபுரத்தில் உறங்குகிறவர் கோட்டை வாசலில் விட்டுவந்ததை, அவ்வூரின் பிள்ளைகள் இருநூறு ஆண்டு கழித்துச் சேர்த்துப் பாடுகிறார்கள் என்று நான் சொன்னபோது அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய வியப்பு வேறிடத்தில் இருந்தது. இரு குரல்களும் சற்றும் பிசகாமல் இணைந்த ஒரு நாளில், 'கீழே யாரோ முனகுற மாதிரி கேக்குது' என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது சரி. இரண்டு ஒலிகளின் அதிர்வெண் வேறுபாட்டால், யாரும் பாடாத மூன்றாவது ஒலியொன்று செவியில் எழுவதுண்டு. தெளிவான இளங்குரல்களில் அது எளிதாகத் தென்படும். உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், மகிழ்ந்து விளக்குவார்.

பாரதி பிறந்தநாளுக்கென்று பாடத் தேர்ந்தெடுத்தது அவருடைய 'மழை' என்னும் பாடல். இடியும் மின்னலும் சொற்கட்டாகவே முழங்கும் பாட்டு அது. குரல் பிரித்துப் பாடுவதற்கென்றே எழுதியது போலிருக்கும். இசையாசிரியர் அதை அமிர்தவர்ஷினியில் அமைத்தார். ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள். ரிடபமும் தைவதமும் இல்லை. கமகத்தைக் குறைத்து, சுரங்களை நேராக நிறுத்திப் பாடுமாறு செய்தார். தாளத்துக்கு மிருதங்கம் கிடைக்கவில்லை. வகுப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவரும் எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே தாளக்காரியானாள். குடம் காலியாக இருந்தால்தான் ஒலி நன்றாக வரும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பாட்டில் ஓரிடம் எங்களை வாரக்கணக்கில் வருத்தியது. மேற்குரலார் காந்தாரத்திலிருந்து பிரதிமத்திமத்துக்கு ஏறும் இடம் அது. அவர்கள் மத்திமத்தில் நிற்கும்போது கீழ்க்குரலார் சட்ஜமத்திலேயே நின்றால், முன்பு சொன்ன பகைச்சுரங்கள் இரண்டும் மோதும். ஆகவே கீழ்க்குரலார் அந்த நொடியில் சட்ஜமத்தை விட்டு மந்தர நிடாதத்துக்கு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் நிடாதத்துக்கும் மத்திமத்துக்கும் 2:3 உறவு. பகை தீர்ந்து பாட்டு மலரும். சொல்வதற்கு எளிது. பதினைந்து பேர் ஏறும்போது ஏழு பேர் இறங்குவது எளிதன்று. கூட்டம் போகும் பக்கமே தொண்டையும் போகும். ஒவ்வொரு நாளும் அவ்விடத்தில் ஏழு பேரும் மேலே இழுபட்டுப் போனார்கள். சிலர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடிப் பார்த்தார்கள். தம் சுரம் தமக்குக் கேட்டது. ஆனால் மற்றவரோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. தாளம் தப்பியது.

அவள்தான் முதலில் பிடித்தாள். எப்படி என்று கேட்டேன். மேற்குரலை எதிர்த்து நிற்கப் பார்த்ததால் இழுபட்டதாகவும், அவர்கள் ஏறுவதையே தான் இறங்குவதற்கான அடையாளமாக வைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். 'கெணத்துல சகடைக் கயிறு மாதிரி டீச்சர். ஒரு பக்கம் மேல வந்தா மறுபக்கம் கீழ போகும்ல.' இசைநூல்களில் நான் படித்த விளக்கங்களைவிட இது தெளிவாக இருந்தது. மறுநாளிலிருந்து எழுவரும் சகடையைச் சொல்லிச் சொல்லியே அவ்விடத்தைக் கடந்தார்கள்.

விழாவுக்கு முந்தைய இரவு நல்ல மழை. மழை விட்ட கரிசலில் நடப்பது எப்படி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காலையும் எளிதில் விடாது. காட்டுப்பாதையில் வரவேண்டிய பிள்ளைகளில் ஐந்து பேரால் வர முடியவில்லை. அவர்களில் மூவர் கீழ்க்குரல். மழையைப் பாடவேண்டியவர்களை மழையே நிறுத்திவைத்தது. எழுவர் நால்வராயினர். திடலில் நீர் தேங்கியதால் விழா சத்துணவுக் கூடத்துக்கு மாறியது. மின்சாரமும் இல்லை, ஒலிபெருக்கி இல்லாமல் தகரக் கூரையின்கீழ் பாட வேண்டும். கீழ்க்குரலை விட்டுவிட்டு எல்லாரையும் ஒரே மெட்டில் பாடவைத்துவிடலாமா என்று இசையாசிரியர் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மற்ற மூவரையும் நெருக்கமாக நிற்க வைத்துக்கொண்டிருந்தாள்.

பாடினார்கள். குடம் முழங்கியது, வயலின் தாழ்ந்த தந்தியில் அவர்களுக்குத் துணைநின்றது. அவ்விடம் வந்தது. மேற்குரல் ஏறியது. நால்வரில் இருவர் மேலே இழுபட்டதை நான் கேட்டேன். ஒரு நொடி பாட்டு கசங்கியது. அவளுடைய குரல் மட்டும் நிடாதத்தில், சிறிதும் உயர்த்தாமல், சிறிதும் அதட்டாமல் நின்றது. அதைக் கேட்டு அவ்விருவரும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்தமுறை அவ்விடம் வந்தபோது நால்வரும் ஒன்றாக இறங்கினர்.

பாட்டு முடிந்ததும், பேத்தியைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தாயி. அந்த நாலு பிள்ளைக மட்டும் வேற பாட்டப் பாடுதுகளே, கவனிக்கலையா?' என்று கவலையோடு கேட்டார். அவருக்கு எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, அருகில் நின்ற அவள் முந்திக்கொண்டாள். 'வேற பாட்டு இல்ல தாத்தா. அதே பாட்டுதான். நாங்க கீழ்ப்பக்கமாப் பாடுனோம்.' பெரியவர் சிறிது யோசித்து, 'அப்ப இன்னொருக்காப் பாடுங்க, கேப்போம்' என்று உட்கார்ந்துகொண்டார். மீண்டும் பாடினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனபின் தேர்வைக் காரணம் காட்டி வீட்டில் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள்; அவளும் பெரும்பாலும் வருவதில்லை. கீழ்க்குரலுக்குப் புதிய பிள்ளைகளைப் பழக்க மட்டும் சூன் மாதத்தில் சில நாள் மதியம் வந்தாள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கட்டைக்குரல்காரி, அந்த மத்திமம் வரும் இடத்தில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். 'அடைக்காத. அவங்க எங்க போறாங்கன்னு கேளு' என்று சொல்லி அவள் அவ்விரலைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டாள். சிறுமி இரண்டு முறை இழுபட்டாள். மூன்றாம் முறை இறங்கினாள். அவ்வாண்டு கீழ்க்குரலில் ஒன்பது பேர் இருந்தார்கள்.